பதினொரு மணிக் கட்டம்

ஜூலை 3, திங்கள்

இந்த டைரி எங்கள் ஜவுளிக்கடையில் கொடுத்தது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக, அட்டை மடங்கியவற்றை வேலை பார்க்கிற எங்களுக்குத் தருவார்கள். முதல் பக்கத்தில் முதலாளி படம். ஆறு மாதமாக அரிசி டின் மேல் கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்தேன்.

எழுத வேண்டியது என் மகள் சுபிதாவின் மூத்திரக் கணக்கு. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்குப் போனாள், எவ்வளவு போனாள். ஒரு மணிக்கு ஒரு கட்டம்.

டிசம்பரிலிருந்து ஐந்து தடவை காய்ச்சல். ஐந்து தடவையும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. அங்கே டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணைப் பிதுக்கிப் பார்ப்பார், "வைரலு, நாலு நாள்ல போயிரும்" என்பார். மூத்திரம் போகும்போது எரியுதுங்குறா என்று இரண்டு தடவை சொன்னேன். "வெயில் காலம்லா, எளநீ குடு" என்றார். ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதிக்க ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு ஊசி போட்டுவிடலாம்.

ஆறாவது காய்ச்சலில் நடுங்கினாள். விலாவில் கை வைத்தால் அலறினாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

குழந்தைகள் பிரிவு டாக்டர் ஷகிலா பானுவுக்கு என் வயதுதான் இருக்கும். வேகமாகப் பேசுகிறார்.

"காய்ச்சல் எல்லாமே சிறுநீர்த் தொத்துல இருந்து வந்ததா இருக்கும். இடது கிட்னி லேசா வீங்கியிருக்கு. ஏன்னு பாக்கணும். அதுக்கு முன்னால இவ எப்பிடிப் போறான்னு எனக்குத் தெரியணும். ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. உள்ளது உள்ளபடி."

கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். கசங்கிவிடும் என்று முதலில் டைரியில் எழுதிக்கொண்டு, பிறகு தாளில் ஏற்றலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

காலை 6.30: 380 மில்லி.
மாலை 4.40: 410 மில்லி. பையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். என் லீவு இன்றோடு சரி; நாளையிலிருந்து சாயங்காலம் அவளே அளந்து வைத்து எனக்குச் சொல்ல வேண்டும்.
இரவு 9.00: 200.

இந்த வயதுக்கு 270 இருந்தாலே மூத்திரப் பை நிறைந்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். என் மகளுக்கு 410 பிடிக்கிறது. கெட்டிக்காரி.

பள்ளிக்கூடத்து நேரம்தான் பிரச்சினை. எட்டே காலிலிருந்து நாலரை வரைக்கும் கட்டங்கள் வெறுமனே கிடக்கின்றன. "இன்டர்வல்ல போனியாட்டி?" என்றேன். தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

தாளில் ஏற்றும்போது பதினொரு மணிக் கட்டத்தில் 160 என்று போட்டேன். மாலைக் கட்டத்தில் 250. இரண்டையும் கூட்டினால் 410தான். ஒரு சொட்டுகூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஜூலை 5, புதன்

காலையில் நின்றவள் இரவு ஒன்பதே காலுக்குத்தான் உட்கார்ந்தேன். எங்கள் மாடியில் பட்டுச்சேலை, பேன்சி சேலை. முப்பத்து நான்கு பெண்கள். கக்கூஸ் ஐந்தாவது மாடியில், குடோனுக்கு அந்தப் பக்கம். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் சிவபெருமாள் அண்ணாச்சியின் மேசை ஆணியிலிருந்து டோக்கன் எடுக்க வேண்டும். முப்பத்து நான்கு பேருக்கு இரண்டு டோக்கன். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அவர் எழுதுவார். ஏழு நிமிடத்தைத் தாண்டினால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னளா, குத்தாலத்துல குளிச்சிட்டு வாரியா?" என்பார்.

நான் டோக்கன் எடுப்பதே இல்லை. மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். ஒன்பது வருடமாகப் பழக்கம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கக்கூஸ் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மணிக்கொரு தடவை கழுவியதாகக் கையெழுத்து. கூட்டிப் பெருக்குகிற மரியம்மாக்கா காலையில் வந்ததும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாளியையே எடுப்பாள். அப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள். கட்டம் காலியாக இருந்தால்தான் கேள்வி வரும். நிறைந்திருந்தால் யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

ஜூலை 10, திங்கள்

டாக்டர் தாளைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"ஒழுங்காத்தான் போறா. அளவும் சரியா இருக்கு. அப்ப இது பழக்கத்துனால வரல" என்றார். தினமும் இரவு ஒரு சின்ன மருந்து, நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். மூத்திரம் மேல்நோக்கிக் கிட்னிக்குத் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே. அதற்கு வரிசை இருக்கிறது, ஆகஸ்டு கடைசி ஆகும்.

தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று வேறு சொன்னார்.

ஜூலை 14, வெள்ளி

வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து பேசினார். லாரியில் லோடு ஏற்ற மூன்று நாளாகக் காத்துக் கிடக்கிறாராம்.

"இன்னுமா அந்த மருந்தக் குடுக்க? அது உடம்புச் சூடுட்டி. ரெண்டு கால் பெருவெரல்லயும் சுண்ணாம்பத் தடவு, தொப்புள்ல வெளக்கெண்ண வையி. எங்கம்மா எங்களுக்கெல்லாம் அப்பிடித்தான் செஞ்சா."

"கிட்னி வீங்கியிருக்குங்கேன். பெருவெரலப் பத்திப் பேசுதீய."

"பொம்பளப் பிள்ளைக்கு அந்த எடத்துல எக்ஸ்ரே, அது இதுன்னு வெளிய சொல்லிட்டு அலையாத. நாளைக்கு வேற மாதிரிப் பேசுவானுவ."

எட்டு வயதுப் பிள்ளையின் மூத்திரப் பையில்கூட இவர்களுடைய மானம் இருக்கிறது. கிட்னி போனால் அந்த மானத்தை வைத்து ரத்தம் சுத்தம் செய்ய முடியுமா? போனை வைத்துவிட்டேன்.

சுண்ணாம்பும் தடவினேன். எதையும் விடக் கூடாது என்றுதான்.

ஜூலை 21, வெள்ளி

படுக்கையை நனைத்துவிட்டாள். இந்த வாரம் மூன்றாவது தடவை. பாயை அலசி, போர்வையைத் துவைத்துப் போட்டுவிட்டு ஓடினால் கடைக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். வேறொன்றும் இல்லை.

ஜூலை 22, சனி

குளிப்பாட்டும்போது தோளைத் தொட விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள்.

ஆகஸ்டு 2, புதன்

பள்ளிக்கூட டைரியில் வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்: 'வகுப்பறையை அசுத்தம் செய்கிறாள். வீட்டில் சுகாதாரம் கற்றுக்கொடுக்கவும்.'

அரை நாள் லீவு கேட்டு நேரில் போனேன். முதல் தடவையாக அந்தப் பெண்பிள்ளைகள் கக்கூஸைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது தப்பு. பூட்டைப் பார்த்தேன். பதினொரு மணி இடைவேளைக்குப் பத்து நிமிடம் திறக்கிறார்கள். சாவி தலைமையாசிரியை அறையில். நூற்று நாற்பது பெண்பிள்ளைகள், இரண்டு அறை, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயைத் திருகினால் காற்று வருகிறது. சுவரில் மட்டும் சிரித்துக்கொண்டு கை கழுவுகிற குழந்தையின் படம், ஐந்து வண்ணத்தில்.

"எதுக்கு டீச்சர் பூட்டி வச்சிருக்கீங்க?"

"தொறந்து போட்டா அசிங்கம் பண்ணிருதாங்கம்மா. எங்களுக்கு இன்ஸ்பெக்சன் வருது."

"கக்கூஸ்ல வேற என்ன பண்ணுவாங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்ட ஒடனே எல்லாரையும் விட்டா நான் பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தணும். மத்த பிள்ளைங்க அடக்கிட்டு இருக்கலையா? உங்க பிள்ளைக்கு மட்டும் என்ன?"

பதினொரு மணி மணியடித்தது. வரிசை வராண்டா முனை வரைக்கும் நின்றது. சுபி அந்த வரிசையில் இல்லை. மரத்தடியில் நின்று பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

இன்றைய பதினொரு மணிக் கட்டத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. டாக்டர் மறுபடி எழுதச் சொன்ன ஒரு வாரத் தாள் பாதி நிரப்பியாகிவிட்டது. பாதியில் மாற்றினால் முதல் பாதியும் பொய் என்று தெரிந்துவிடும். 150 போட்டேன்.

ஆகஸ்டு 9, புதன்

104. நடுக்கம். ஆட்டோ. வார்டு.

ஆகஸ்டு 12, சனி

மூத்திரத்தில் உள்ள கிருமியை இரண்டு நாள் வளர்த்துப் பார்க்கிற பரிசோதனையில் வேறொரு கிருமி வந்திருக்கிறது. தினமும் கொடுக்கிற மருந்துக்கு அது மசியாதாம். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். சுபி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எதையும் அடக்கத் தெரிந்த பிள்ளை.

டாக்டர் என் தாள்கள் இரண்டையும் எடுத்து மறுபடி பார்த்தார். "தண்ணி குடிக்கா. நேரத்துக்குப் போறா. மருந்து எடுக்கா. அப்பறம் ஏன் வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எதிரில் நான் நின்றிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. வார்டில் ஏழெட்டுத் தாய்மார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

எக்ஸ்ரே இன்று. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

குளிர் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கிறவர். இந்தப் பக்கம் டாக்டர், ஒரு நர்ஸ், படிக்கிற பெண்கள் இருவர். எனக்குக் கனமான ஈய அங்கி மாட்டிவிட்டார்கள். நர்ஸ் மெல்லிய குழாயைச் செருகும்போது சுபி என் கையை நகம் பதியப் பிடித்தாள். டாக்டர் ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் பைக்குள் ஏறும், பிறகு அவள் மேசையிலேயே மூத்திரம் போக வேண்டும், போகும்போது படம் எடுக்க வேண்டும்.

200. 270. 350. டாக்டர் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். 430.

"இவ்ளோ பிடிக்குதே. உங்க தாள்ல பகல்ல ஒரு தடவகூட 250ஐத் தாண்டலையேம்மா."

நான் சுபியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.

"இப்பப் போ கண்ணு."

போகவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் கேட்க வைத்தார்கள். காலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினார்கள். காலைப் பின்னிக்கொண்டாள். நெற்றி நரம்பு புடைத்தது. இருபது நிமிடம். "வெளிய எட்டுப் பேரு நிக்காங்க டாக்டர்" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா போக மாட்டேங்குத?" என்று டாக்டர் அவள் காதருகே குனிந்தார்.

"அம்மா வையும்."

"அம்மா வைய மாட்டாங்க. சொல்லுங்கம்மா."

"போ சுபி" என்றேன்.

சுபி என்னைப் பார்த்தாள். "நீதான வெளியிடத்துல போகக் கூடாதுன்னு சொன்ன. தண்ணி குடிக்காத, வீட்டுக்கு வந்து போன்னு சொன்ன. ரெண்டாங்கிளாஸ்லேருந்து நான் போகவே இல்லம்மா. ஒரு நாளுகூடப் போகல. டீச்சர் எழுதி விட்டாங்கல்லா, அன்னைக்கு மட்டுந்தான். அதுவும் தானா வந்துட்டு."

நர்ஸ் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"இனிமே போலாம்" என்றேன்.

"நீ கடையில போவியா?"

"போவேன்."

"பொய்."

அங்கி தோளை இழுத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்னுடைய ஒன்பது வருடமும் தெரிந்திருக்கிறது.

"இனிமே போவேன் சுபி. ஒனக்கு முன்னால சத்தியமாச் சொல்லுதேன்."

கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. பிறகு நிற்காமல் வந்தது. திரையில் வெள்ளையாக ஒன்று இடது பக்கம் கிளம்பி மேலே, மேலே ஏறியது. கிட்னிக்குள் போய்ப் பூ மாதிரி விரிந்தது. படிக்கிற பெண்களில் ஒருத்தி, "ஏறுது மேடம்" என்றாள்.

வெளியே வந்ததும் டாக்டரிடம் சொன்னேன். பதினொரு மணிக் கட்டம், 160, 250, கூட்டல், எல்லாம். டைரியையே கையில் கொடுத்தேன். நின்றபடி நான்கைந்து பக்கம் புரட்டினார்.

"இத நம்பித்தான் ரெண்டு மாசம் மருந்து குடுத்தேன். பை முட்ட முட்ட அடக்கி வச்சா எந்த மருந்தும்மா கேக்கும்? ஏற்கெனவே திரும்பி ஏறுத பிள்ளைக்கு அது எவ்வளவு கெடுதல்னு தெரியுமா?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும். ஆனால் இத்தனை மாதத்தில் யாருமே சுபியிடம் நேராகக் கேட்கவில்லை. கிளினிக்காரர் கேட்கவில்லை, டீச்சர் கேட்கவில்லை, டாக்டரும் தாளைத்தான் கேட்டார். இதையும் சொன்னேன். டாக்டர் டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரிதான். நானும் கேட்டிருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜூலை 21 பக்கத்தைப் பார்த்தேன். 'வேறொன்றும் இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அவள் தோளில் பட்டுக் காம்பு உடைந்த கரண்டியை அடுப்படியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

ஸ்கேன் முடிவு வந்தது. இடது கிட்னியின் மேல் நுனியில் தழும்பு. ஆறாத தழும்பு. அந்த இடம் இனி வேலை செய்யாது. மற்ற இடம் நன்றாக இருக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை போக வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மலம் இறுகவிடக் கூடாது, மருந்தை நிறுத்தக் கூடாது. ஜனவரி வரைக்கும் காய்ச்சல் வராவிட்டால் ஆபரேஷன் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். வந்தால் ஆபரேஷன்.

அந்தத் தழும்பு எத்தனையாவது காய்ச்சலில் விழுந்தது என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாததால் அதில் எல்லாருக்கும் பங்கு. எனக்கும்.

செப்டம்பர் 25, திங்கள்

டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியையைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். சீல் வைத்த தாளுக்கு அந்த மரியாதை.

"ஆபீஸ்ல சாவி கேட்டு ஸ்டாஃப் பாத்ரூமுக்குப் போகட்டும். இவ மட்டும். மத்த பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"மத்த பிள்ளைங்களுக்கு வராதா டீச்சர்?"

"நீங்க லெட்டர் கொண்டு வந்தது உங்க பிள்ளைக்கும்மா."

தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். இனி இந்த நோட்டில் நடந்ததைத்தான் எழுதுவது.

பதினொரு மணிக் கட்டம்: 220. டாக்டர் கொடுத்த சின்ன அளவுக் கோப்பையைப் பையில் கொண்டுபோய் அவளே பார்த்து வந்து சொன்னாள்.

அக்டோபர் 4, புதன்

மறுபடி சிவப்பு மை. 'சலுகையைத் தவறாகப் பயன்படுத்துகிறாள்.' விசாரித்தால், சுபி தனியாகப் போகவில்லை. ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"ஏட்டி, ஒன்ன மட்டுந்தான விட்டாங்க?"

"வேதிகாவும் ரெண்டு வருசமாப் போகலம்மா. அவளுக்கும் எரியுதாம்."

அக்டோபர் 6, வெள்ளி

கக்கூஸைத் திறந்து வைக்கச் சொல்லிச் சேர்ந்து கேட்போம் என்று நேற்று ராத்திரி தெருவில் ஏழு வீடு ஏறினேன். "பிள்ளைக்கு டி.சி. குடுத்துட்டா என்ன செய்ய மைனி?" என்று கேட்டார்கள். "எங்க பிள்ளைக்கு அப்பிடி நோவு ஒண்ணும் இல்ல" என்று கதவைப் பாதி சாத்தினாள் ஒருத்தி. நோவு இல்லையா என்று யார் பரிசோதித்தார்களாம்? வேதிகாவின் அம்மாவும் இன்னொருத்தியும் வந்தார்கள். மூன்று பேர் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். கத்தவில்லை. மணி ஒன்பதரை. பதினொன்றுக்குத் திறப்போம் என்று பியூன் சொன்னார். அதுவரைக்கும் உட்கார்ந்திருக்கிறோம் என்றோம். வேதிகாவின் அம்மா, "பசங்களுக்கு அந்தப் பக்கம் சுவரு இருக்கு. எங்க பிள்ளைகளுக்கு எது இருக்கு?" என்றாள். பத்தேகாலுக்குத் தலைமையாசிரியை தானே வந்து பூட்டைத் திறந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நாள் முழுக்கத் திறந்தே இருந்ததாம். குழாயில் இன்னும் காற்றுதான். வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

அக்டோபர் 12, வியாழன்

கடையில் தீபாவளிக் கூட்டம். ஆணியில் இரண்டு டோக்கனும் இல்லை. மணி பதினொன்று. ஒரு அம்மாவுக்குப் பதினேழாவது சேலையை விரித்துக்கொண்டிருந்தேன். அடிவயிறு கனத்தது. சேலையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

"பேச்சி, டோக்கன் ரெண்டும் வெளிய இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஏளா, தீபாவளி நேரம். நீ ஒருத்தி போனா முப்பது பேரும் வரிசையா நிப்பாளுவ."

"நிக்கட்டும். அண்ணாச்சி, நீங்க எந்த டோக்கன்ல போறீய?"

பேன்சி சேலைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அவர் பேனாவைத் திறந்து நேரம் எழுதினார். ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். கதவுக்குப் பின்னால் இரவு ஒன்பது மணி வரைக்கும் கையெழுத்து இருந்தது. தரை காய்ந்து நாறியது.

இறங்கி வரும்போது எதிரில் இரண்டு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் டோக்கன் இல்லை.

நாலு மணிக்கு மறுபடி கிளம்பியபோது மறித்துவிட்டார்கள். நாளைக் காலையில் மாடிக்குப் போவதற்கு முன்னால் மேனேஜரைப் பார்க்க வேண்டுமாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுபி டைரியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எனக்கும் ஒரு வரிசை கோடு போட்டிருக்கிறாள்.

"பதினோரு மணிக்கு?"

"போனேன்."

"எவ்வளவு?"

"அளக்கலட்டி."

"ஒரு மணிக்கு?"

"சாப்பாட்டு நேரத்துல போனேன்."

இரண்டிலும் டிக் போட்டாள். "நாலு மணிக்கு?"

"போகல. விடல."

பென்சிலை வாயில் வைத்து யோசித்தாள். "அப்ப இதுல என்னம்மா போட?"

"ஒண்ணும் போடாத. காலியா இருக்கட்டும்."